வாசகர் கேள்வி – பதில்: திருகோணமலை வானில் எவ்வளவு தாழப் பறக்கலாம்?

சுற்றுலாப் பருவம் தொடங்கியதும் கரையோரமாகத் தாழப் பறக்கும் ஹெலிகொப்டர்களைப் பற்றியும் சிறு விமானங்களைப் பற்றியும் திருகோணமலை மாவட்ட வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்குப் பதில் எழுத இம்முறை இப்பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, உப்புவெளிக் கடற்கரையில் சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். உல்லாசப் பயணிகளை ஏற்றிய ஹெலிகொப்டர் கரையை ஒட்டித் தாழப் பறந்து போகிறது. சிறிது நேரத்தில் அதே வழியாகத் திரும்பி வருகிறது. காலைச் சாப்பாட்டுக்கு அமர்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எவ்வளவு தாழப் பறக்கலாம் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?
— வாசகி, உப்புவெளி

பதில்: சட்டம் இருக்கிறது, அம்மா. 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் வழிவந்த சர்வதேச வான் விதிகளின்படி, விமானி கண்ணால் பார்த்துப் பறக்கும் எந்த வானூர்தியும், புறப்படும் வேளையும் இறங்கும் வேளையும் தவிர, நகரங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் திறந்தவெளியில் கூடியிருக்கும் மக்களுக்கும் மேலாகச் செல்லும்போது, தன்னைச் சுற்றி 600 மீற்றர் ஆரைக்குள் உள்ள மிக உயர்ந்த பொருளின் உச்சியிலிருந்து குறைந்தது 300 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். ஏனைய இடங்களில் தரைக்கோ நீருக்கோ மேல் 150 மீற்றர் போதும். உரிய அதிகாரியின் அனுமதி பெற்றால் இதற்கும் தாழ்வாகப் பறக்கலாம். இலங்கை அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடு. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இவ்விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையைச் சேர்ந்தது.

பருவ காலத்தில் மக்கள் நிறைந்திருக்கும் உங்கள் கடற்கரை திறந்தவெளிக் கூட்டம்தான் என்பது என் கருத்து. எனவே அங்கே 300 மீற்றர் என்ற அளவையே நீங்கள் கேட்க வேண்டும். ஆளில்லாத கடலுக்குரிய 150 மீற்றரை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஹெலிகொப்டருக்குச் சலுகை உண்டு என்று யாராவது சொல்லக்கூடும். சில நாடுகள், குறிப்பாக அமெரிக்கா, தரையில் உள்ளவர்களுக்கு ஆபத்தில்லாதவரை ஹெலிகொப்டர்கள் தாழ்வாகப் பறக்க இடமளிப்பது உண்மையே. ஆனால் அந்தச் சலுகை அந்தந்த நாட்டின் உள்நாட்டு ஏற்பாடு. அதைக் காட்டி இங்கே நியாயம் பேச முடியாது.

இந்த உயர எல்லைகளை வகுத்தவர்கள் இரைச்சலை மனத்தில் கொண்டு வகுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இயந்திரம் நின்றுபோனால் விமானி ஆட்களில்லாத இடமாகப் பார்த்து இறங்க அவகாசம் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்கு. இரைச்சலின் கணக்கு வேறு. ஒலி எழும் இடத்துக்கும் கேட்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி மட்டம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. 150 மீற்றரில் பறக்கும் ஹெலிகொப்டர் 600 மீற்றருக்கு ஏறினால் 12 டெசிபெல் குறையும்; 10 டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்கு ஒலி பாதியானதுபோல் தோன்றும். ஹெலிகொப்டர் திரும்பும்போதும் கீழிறங்கும்போதும் அதன் சுழலிதழ்கள் காற்றை அறைந்து எழுப்பும் 'டப் டப்' என்ற ஓசை நேராகப் பறக்கும்போது எழுவதைவிடக் கடுமையானது. ஆகவே கரைக்கு மேலே சுற்றித் திரும்பாமல், கடலுக்குள் ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போய்த் திரும்பினாலே உங்கள் விருந்தினரின் தொல்லை பெருமளவு தீரும்.

நகருக்குத் தென்மேற்கே உள்ள சீனக்குடா விமானத்தளத்துக்கு வரும் விமானங்களின் ஓசையையும் சுற்றுலா ஹெலிகொப்டரின் ஓசையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்குள்ள ஓடுபாதை தென்மேற்கு – வடகிழக்காகக் கிடக்கிறது. விமானங்கள் காற்றை எதிர்த்தே எழும், இறங்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் உங்கள் பருவ மாதங்களில் அவை பெரும்பாலும் தென்மேற்கு நோக்கி, அதாவது நகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும். இறங்குகையில்தான் நகரின் பக்கமாக வரும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறி, எழும் விமானத்தின் முழு இரைச்சலும் துறைமுகத்தின் மேலாக நகரை நோக்கி வரும். இதில் விமானிக்குத் தெரிவு இல்லை. கரையை ஒட்டிச் சுற்றிக் காட்டும் பறப்பில் பாதையும் உயரமும் வேளையும் முற்றிலும் நடத்துபவரின் தெரிவு. அதனால்தான் அதைக் கட்டுப்படுத்தும்படி கேட்பது நியாயமாகிறது.

கேள்வி: இரைச்சலைப் பற்றி முறையிட்டால், 'அளந்து பார்த்தோம், எல்லைக்குள்தான் இருக்கிறது' என்ற பதில் வருகிறது. காதால் கேட்டவர்களுக்குத் தாங்க முடியாதது கருவிக்கு மட்டும் எப்படி எல்லைக்குள் அடங்குகிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகர்

பதில்: கருவி பொய் சொல்லவில்லை, ஐயா. சராசரி என்பதன் இயல்பு அது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் வர்த்தமானியில் வெளியான ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், குறைந்த ஒலியுள்ள பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுக்கின்றன. இவ்வெல்லைகள் ஒரு கால அளவில் விழும் ஒலி ஆற்றலின் சராசரியைக் குறிப்பவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலையோசையும் காற்றும் மட்டும் கேட்கும் 45 டெசிபெல் அமைதியில் நீங்கள் இருக்கிறீர்கள். ஹெலிகொப்டர் ஒன்று 75 டெசிபெல் இரைச்சலோடு அரை நிமிடம் தலைக்கு மேலே கடந்து போகிறது. அந்த மணித்தியாலம் முழுவதற்குமான சராசரியைக் கணித்தால் 54.7 டெசிபெல் வரும். பகல் எல்லையான 55 ஐ அது தொடவே இல்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் பேச்சு நின்றது, குழந்தை விழித்தது, பூசையில் இருந்தவரின் மனம் கலைந்தது. இவை எதுவும் சராசரியில் ஏறுவதில்லை.

ஆகவே அடுத்த முறை முறையிடும்போது சராசரியைப் பற்றி வாதாட வேண்டாம். ஒரு நாளில் எத்தனை தடவை பறந்தது, ஒவ்வொரு தடவையும் உச்ச ஒலி எவ்வளவு, எந்த வேளையில் என்ற மூன்றையும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018 இல் வெளியிட்ட வழிகாட்டல்களில் வீதி, புகைவண்டி ஆகியவற்றின் இரைச்சலுக்குக் கொடுத்ததைவிட விமான இரைச்சலுக்குக் கடுமையான எல்லையை, அதாவது நாள் முழுவதற்கும் 45, இரவுக்கு 40 டெசிபெல் என்று பரிந்துரைத்தது. ஒரே அளவான டெசிபெல்லாக இருந்தாலும் மேலேயிருந்து விட்டுவிட்டு வரும் ஓசை மனிதரை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது என்பதை மருத்துவ உலகமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் காதால் கேட்டதே சரியான சாட்சி.

கேள்வி: தாஜ்மகாலுக்கு மேலே விமானம் பறக்கக் கூடாது என்கிறார்கள். பாடல் பெற்ற தலமான திருக்கோணேச்சரத்துக்கு மேலே மட்டும் ஏன் பறக்க விடுகிறார்கள்? கோவில் நிற்கும் சுவாமிமலையைப் பறப்புத் தடைப் பிரதேசமாக அறிவிக்க முடியாதா?
— அடியார் ஒருவர், பாலையூற்று

பதில்: முடியும். ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்கிறோம் என்பதில்தான் காரியம் தங்கியிருக்கிறது. சிக்காகோ உடன்படிக்கையின் 9 ஆவது உறுப்புரை, இராணுவத் தேவை அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு ஆகிய இரண்டு காரணங்களுக்காகத் தன் நிலப்பரப்பின் மேல் சில பகுதிகளில் பறப்பதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை தருகிறது. புனிதமும் அமைதியும் அந்த இரண்டில் இல்லை. தாஜ்மகாலைச் சுற்றியுள்ள வான் கட்டுப்பாடுகள் பாதுகாப்பின் பெயரால் வந்தவை. பாரிஸ் நகரின் மேல் 2,000 மீற்றருக்குக் கீழே சிறப்பு அனுமதியின்றிப் பறக்க முடியாது என்பதற்கும் பாதுகாப்பே அடிப்படை. திருப்பதித் திருமலை ஏழுமலையான் கோவிலின் மேல் விமானம் பறப்பது ஆகம நெறிக்கு ஒவ்வாது என்று தேவஸ்தானம் இந்திய மத்திய அரசிடம் பலமுறை முறையிட்டும் அது எளிதில் கைகூடாததற்கும் இதுவே காரணம். சென்னை, பெங்களூர், ஐதராபாத் ஆகிய பெருநகரங்களுக்கு இடைப்பட்ட வான்வழியைத் திருப்புவது சிறிய காரியமில்லை.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றும் முன்மாதிரி திருவனந்தபுரத்தில் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோவிலின் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் வழி, இன்றைய விமான நிலையத்தின் ஓடுபாதையைக் குறுக்கறுத்துச் செல்கிறது. விமான நிலையம் வந்தபிறகும் ஊர்வலப் பாதையை யாரும் மாற்றவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனி விழாவிலும் ஐப்பசி விழாவிலும், சில மணித்தியாலங்களுக்கு ஓடுபாதை மூடப்படும் என்று விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைய விமானங்களின் நேரத்தை நிறுவனங்கள் மாற்றிக்கொள்கின்றன. யானைகளோடும் வாளேந்திய அரச குடும்பத் தலைவரோடும் தெய்வத் திருமேனிகள் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போய்த் திரும்பிய பிறகே விமானங்கள் மீண்டும் எழுகின்றன. ஒரு சர்வதேச விமான நிலையம் ஒரு கோவிலின் நாட்காட்டிக்கு இடம் கொடுக்கிறது. பறப்பின் பாதுகாப்புக்கும் அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

கோணேசர் கோவிலுக்கும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான். ஆண்டு முழுவதுக்குமான முழுத் தடையைக் கேட்டுக் கிடைக்காமல் போவதைவிட, பங்குனி மகோற்சவம், சிவராத்திரி, அதையடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்கள் ஆகியவற்றில் சுவாமிமலைக்கும் நகருக்கும் மேலே சுற்றுலாப் பறப்புகள் கூடாது என்று கால எல்லையோடு கேட்பது நடக்கக்கூடியது. அந்நாட்களில் பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோவில் வரை சனம் நிறைந்திருக்கும். எனவே பொதுமக்கள் பாதுகாப்பு என்ற சட்டக் காரணமும் நேராகவே பொருந்துகிறது. மற்ற நாட்களுக்கு, மலையைச் சுற்றிவரும் பறப்புகள் கடற்பக்கமாகக் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும் என்ற நடத்தை ஒழுங்கு போதும். கோவில் பரிபாலன சபை திருவிழா நாட்காட்டியை அதிகாரசபைக்கும் விமானப்படைத் தளத்துக்கும் மாதங்கள் முன்னதாகவே எழுத்தில் அனுப்பிவைப்பது முதற்படி.

கேள்வி: நிலாவெளியிலிருந்து திமிங்கிலம் காட்டப் படகு ஓட்டுகிறேன். திமிங்கிலத்துக்குக் கிட்டப் போகாதே என்று எங்களுக்கு ஆயிரம் விதி. மேலே பறந்து வந்து வட்டமிடுபவர்களுக்கு ஒரு விதியும் இல்லையா? தண்ணீருக்குள் இருக்கும் பிராணிக்கு மேலே பறப்பதன் சத்தம் கேட்குமா?
— படகோட்டி, நிலாவெளி

பதில்: கேட்கும், ஆனால் விமானம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. காற்றிலிருந்து நீருக்குள் ஒலி எளிதில் நுழையாது. நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் விரைவாகச் செல்வதால், நேர் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகைக்கு உட்பட்டு விழும் ஒலியே உள்ளே இறங்கும். அதற்குச் சாய்வாக வருவது கடற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். 300 மீற்றர் உயரத்தில் ஒரு ஹெலிகொப்டர் இருந்தால், அதற்கு நேர் கீழே ஏறத்தாழ 70 மீற்றர் ஆரையுள்ள ஒரு வட்டத்துக்குள்தான் அதன் ஓசை நீருக்குள் போகும். அலையடிக்கும் நாளில் நீர்மட்டம் பல திசையில் சாய்வதால் இந்த வட்டம் கொஞ்சம் விரியும். கடந்து போகும் விமானத்தால் திமிங்கிலத்துக்கு வரும் தொல்லை சில விநாடிதான். அதன் நேர் மேலே நின்று வட்டமிடும் ஹெலிகொப்டர்தான் அந்த வட்டத்தை அதன் தலையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு இது கண்ணால் கண்ட விடயமாகவே இருக்கும். ஆழத்தில் இரைதேடி முக்கால் மணித்தியாலம்வரை மூச்சடக்கியிருந்துவிட்டு மேலே வரும் விந்துத் திமிங்கிலம், பத்து நிமிடம் அளவில் மேற்பரப்பில் கிடந்து மூச்சை நிரப்பிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடம் அதற்கு உயிர்க் காசு. அப்போது வெருண்டு முன்னதாகவே வாலைத் தூக்கிவிட்டால் குறைந்த மூச்சோடு ஆழத்துக்குப் போகிறது. உங்கள் படகில் வந்தவர்களும் ஏமாந்து திரும்புகிறார்கள்.

வேறு நாடுகளில் வானுக்கும் விதி உண்டு. ஹவாயில் கூனல் திமிங்கிலத்துக்கு 1,000 அடிக்குக் கிட்ட எந்த வானூர்தியும் வரக் கூடாது. அவுஸ்திரேலியாவில் விமானத்துக்கு 1,000 அடி. ஹெலிகொப்டருக்கு அதன் இரைச்சல் கருதி 1,650 அடி. இலங்கையில் கடற் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கு 2012 இல் ஒழுங்குவிதிகள் வந்தபோது படகுகள்தான் எல்லோர் கண்ணிலும் இருந்தன. பங்குனி முதல் ஆவணி வரை நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகே வருவது, துறைமுக வாயிலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குகின்ற திருகோணமலைக்கு வாய்த்த பேறு. படகுக்கு வகுத்த நெறியை வானூர்திக்கும் நீட்டும்படி உங்கள் படகோட்டிகள் சங்கம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்பதை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்.

புறாத்தீவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தத் தீவின் பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு வைக்கின்றன. தலைக்கு மேலே திடீரென்று இரைச்சல் எழுந்தால் கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் கிளம்பும்; அடைகாத்த முட்டை வெயிலில் கிடக்கும், அல்லது உருண்டு விழும். கிளம்பிய பறவை சுழலியில் அகப்பட்டால் ஹெலிகொப்டருக்கும் ஆபத்து. வெள்ளைக்காரர் காலத்தில் அந்தத் தீவைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பயன்படுத்தினார்கள். அதையும் தாங்கிப் பிழைத்த புறாக்களைப் படம் பிடிப்பதற்காகத் தாழப் பறந்து கலைப்பது சரியில்லை.

கேள்வி: புவியியல் பாடத்தில் அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கைப் பற்றிப் படித்தோம். அங்கே சுற்றுலா விமானங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு என்று ஆசிரியர் சொன்னார். அது எப்படி வந்தது?
— உயர்தர மாணவன், மூதூர்

பதில்: உயிரிழப்பில் தொடங்கி வந்தது, தம்பி. 1956 ஜூன் 30 அன்று அந்தப் பள்ளத்தாக்கின் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். அக்காலத்தில் பயணிகளுக்குக் காட்சியைக் காட்டுவதற்காக விமானிகள் வழி விலகிப் பறப்பது சாதாரணமாக இருந்தது. அமெரிக்கா தன் வான் கட்டுப்பாட்டு முறையையே திருத்தியமைத்து, 1958 இல் அதற்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்த அந்த விபத்தும் ஒரு காரணம். அப்போதும் சுற்றுலாப் பறப்புகள் கிட்டத்தட்டக் கட்டற்றே இருந்தன. 1986 ஜூன் 18 அன்று சுற்றுலா ஹெலிகொப்டர் ஒன்றும் சுற்றுலா விமானம் ஒன்றும் பள்ளத்தாக்கின் மேல் மோதி 25 பேர் மாண்டார்கள். மறுஆண்டே சட்டம் வந்தது.

1987 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் பாதுகாப்போடு வேறொன்றும் சேர்ந்திருந்ததுதான் முக்கியம். பூங்காவின் இயற்கையான அமைதியைக் கணிசமான அளவு மீட்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. பாறையையும் ஆற்றையும்போல அமைதியும் அந்த இடத்தின் சொத்து என்று நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது. பிறகு அந்தக் 'கணிசமான அளவு' என்பதற்கு அளவுகோல் வைத்தார்கள்: பூங்காவின் பாதிப் பரப்பிலாவது, பகற்பொழுதின் முக்கால் பங்கு நேரத்துக்குக் குறையாமல், விமான ஓசை கேட்கக் கூடாது. 1988 இல் பறக்கக் கூடாத வலயங்களையும் பறப்பதற்கான ஒடுங்கிய பாதைகளையும் வகுத்தார்கள். 2000 ஆம் ஆண்டில் வருடாந்தப் பறப்புகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. அந்த உச்சவரம்பே ஏறத்தாழ 90,000 என்றால், தொழில் எவ்வளவு பெருத்த பிறகு கடிவாளம் போட்டார்கள் என்று பாருங்கள்.

மற்றப் பூங்காக்களின் கதை இன்னும் நீளமானது. சுற்றுலாப் பறப்புகள் நடக்கும் பூங்கா ஒவ்வொன்றுக்கும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் இயற்றினார்கள். விமானத் துறையும் பூங்காத் துறையும் ஒத்துப்போகாமல் இருபது ஆண்டுகள் கடந்தன. மக்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2020 இல் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. ஹவாயின் எரிமலைப் பூங்காவில் ஆண்டுக்குப் பதினோராயிரத்தைத் தாண்டியிருந்த பறப்புகளை 1,548 ஆகக் குறைக்கும் திட்டம் அப்படி வந்ததுதான். அதோடும் முடியவில்லை, சில பூங்காக்களின் திட்டங்கள் மறுபடியும் நீதிமன்றப் படியேறின. ஆனால் கொலராடோவின் ரொக்கி மலைப் பூங்காவில், சுற்றுலாப் பறப்புத் தொழில் காலூன்றுவதற்கு முன்பே அதைத் தடைசெய்துவிட்டார்கள். அங்கே யாருடைய பிழைப்பும் கெடவில்லை. எந்த நிறுவனமும் நட்டக் கணக்குக் காட்டி வழக்காட வேண்டியும் வரவில்லை.

பிழைப்பு என்றதும் நேபாளமும் நினைவுக்கு வருகிறது. எவரெஸ்ட் அடிவாரத்துச் சாகர்மாதா பூங்காப் பகுதியில், நடந்து வர வேண்டிய உல்லாசப் பயணிகள் ஹெலிகொப்டரில் வந்து பார்த்துவிட்டு உடனே திரும்பத் தொடங்கியதால், வழிநெடுகத் தேநீர் விடுதி நடத்துபவர்களும் சுமைதூக்குவோரும் வருமானம் இழந்தார்கள். 2025 தொடக்கத்தில் உள்ளூர் இளைஞர்கள் இறங்குதளங்களில் கொடி நட்டு ஹெலிகொப்டர்களை மறித்தார்கள். இரைச்சலோடு வருமானமும் யாருக்குப் போகிறது என்ற கேள்வி இதில் இருக்கிறது. நம் ஊரில் சுற்றுலாப் பறப்பின் பணம் கொழும்பிலேயே கைமாறிவிடுகிறது. இரைச்சல் மட்டும் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வந்து சேர்கிறது.

கேள்வி: ட்ரோன் கமராக்களும் இதில் அடங்குமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: அடங்கும். ட்ரோனும் சட்டத்தின் பார்வையில் வானூர்தியே. பதிவும் அனுமதியும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் கையில் உள்ளன. இராணுவம் நிலைகொண்டுள்ள பிரெட்ரிக் கோட்டை, கடற்படைத்தளம், விமானத்தளம் ஆகியவற்றின் அருகே பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். புறாத்தீவில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கலியாணப் படம் எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: சீனக்குடாவில் பரம்பரையாக இருக்கிறோம். பயிற்சி விமானங்கள் காலையில் திரும்பத் திரும்ப வீட்டுக்கு மேலே வருகின்றன. விமானப்படையிடம் போய் முறையிடுவது சரியா? சென்னையிலிருந்தும் விமானம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் எங்கள் பாடு என்ன?
— குடும்பத் தலைவி, சீனக்குடா

பதில்: முறையிடுவது உங்கள் உரிமை. ஆனால் எதைக் கேட்கலாம் என்பதைத் தெளிந்துகொண்டு கேளுங்கள். அது பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம்; 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசிய இலக்குகளில் ஒன்று. இன்று அங்கே விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இயங்குகிறது. புதிய விமானி ஒருவர் எழுவதையும் இறங்குவதையும் ஓடுபாதையைச் சுற்றி ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பப் பழகித்தான் ஆக வேண்டும். 2023 ஓகஸ்ட்டில் அங்கே பயிற்சி விமானம் ஒன்று விழுந்து இருவர் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பயிற்சி விமானியைப் பழக்கமில்லாத பாதைக்குத் தள்ளும் கோரிக்கையை நாம் வைக்கக் கூடாது. வேளையைப் பற்றிக் கேட்கலாம்: பரீட்சைக் காலங்களில் பாடசாலை நேரம், அதிகாலை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளை, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆகியவற்றைக் கூடியவரை தவிர்க்கும்படி பிரதேச செயலாளர் ஊடாகக் கேட்டால், தளத்தின் பொறுப்பதிகாரி செவிசாய்க்கக்கூடிய கோரிக்கை அது.

சென்னை விமானத்தைப் பொறுத்தவரை, 2023 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், சென்னையிலிருந்து திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் விமானத் தொடர்பு ஏற்படுத்துவது ஆராயப்படும் என்று இருக்கிறது. உறவுகளைப் பார்க்கவும் மருத்துவத்துக்கும் போய்வர எங்கள் மக்களுக்கு அது பெரிய உதவி. அதை நான் வரவேற்கிறேன். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு விமானம், தெரிந்த நேரத்தில், தெரிந்த பாதையில் வந்துபோவது தாங்கக்கூடியதே. தளம் பெருப்பிக்கப்படுமானால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடக்கிறதா என்பதைக் கவனியுங்கள். விமான நிலையங்களை அமைப்பதும், அவற்றின் கொள்ளளவைப் பாதிக்குமேல் கூட்டுவதும் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அந்த மதிப்பீடு தேவைப்படும் திட்டங்கள். அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் தரப்படும். அந்த முப்பது நாட்களை விட்டுவிட்டுப் பிறகு மறியல் செய்வதில் பலன் குறைவு. பாடசாலை, வைத்தியசாலை, வழிபாட்டிடங்கள் ஆகியவற்றைக் குறித்த வரைபடத்தோடு, இரவுப் பறப்புக்கு எல்லையும், எழும் விமானம் குடியிருப்பைத் தவிர்த்து நீர்ப்பரப்பின் மேலாகத் திரும்பும் பாதையும் எழுத்தில் கேளுங்கள்.

கடிதம் எழுதிய எல்லோருக்கும் சேர்த்து ஒரு வேலை சொல்கிறேன். ஒரு கொப்பியில் திகதி, நேரம், பறந்த திசை, ஹெலிகொப்டரா விமானமா, உடலில் எழுதியிருந்த பதிவெழுத்து, எத்தனை முறை சுற்றியது, அப்போது வீட்டில் என்ன நின்றுபோனது என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். இலங்கைச் சிவில் வானூர்திகளின் பதிவெழுத்து 4ஆர் என்று தொடங்கும். கையடக்கத் தொலைபேசியில் உருப்பெருக்கிப் படம் எடுத்தால் பெரும்பாலும் வாசிக்க முடியும். உயரத்தை ஊகித்து எழுத வேண்டாம்; கோவில் கோபுரமோ தொலைத்தொடர்புக் கோபுரமோ அதே படத்தில் விழும்படி எடுங்கள், கணக்கிடத் தெரிந்தவர்கள் அதை வைத்துக் கணிப்பார்கள். தொலைபேசியின் ஒலிமானிச் செயலிகள் சரியான டெசிபெல்லைக் காட்டா; ஆனால் ஒரே தொலைபேசியை ஒரே இடத்தில் வைத்து எடுத்தால், எந்த நாள் எந்த நாளைவிட மோசம் என்பதைக் காட்டும்.

ஒரு பருவ காலப் பதிவு சேர்ந்ததும் அதைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கும், பிரதிகளை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும், உப்புவெளியார் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கும், நிலாவெளியார் குச்சவெளிப் பிரதேச சபைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திருகோணமலைக் கரையில் சுற்றுலாப் பறப்புக்கு யாருக்கு, எந்தப் பாதைக்கு, எந்த உயரத்துக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனி விண்ணப்பமாகக் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கேட்பதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.